தலை மாற்றுவது தவறா?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

‘எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் துண்டை எடுத்து வரும் அம்மா, கூடவே இந்தப் பழமொழியையும் எடுத்து வருவார். ஆனால் நான் இங்கு எழுதப் போவது எண் சாண் உடம்பைப் பற்றியல்ல. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத ஓர் உடம்பைப் பற்றி. அதற்கென்று பெட்டியில் வந்த தலையை ஒதுக்கிவிட்டு, வேறொரு தலையை வாங்கிப் பொருத்தினேன். அது சரியா, தவறா என்பதே கேள்வி. தவறு என்று சொன்னவர்கள் பலர். தவறில்லை என்பது என் கட்சி.

சிரிக்க வேண்டாம், தோழியரே! பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பொம்மை விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது விளையாட்டுப் பொம்மை அல்ல, மாதிரி உருவம். ரயில்வேயில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா முப்பது ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருக்கிறார். பெட்டிக்குள் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் துண்டுகள் வரும். கை தனி, கால் தனி, துப்பாக்கி தனி. வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டினால் ஒரு மனிதன் எழுந்து நிற்பான். உண்மை மனிதனை முப்பத்தைந்தால் வகுத்த அளவு. ஐந்தடி ஆறங்குல மனிதர் ஒருவர் 48 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். அதென்ன முப்பத்தைந்து, முப்பது அல்லது நாற்பது என்று வைக்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். ஜப்பானில் தமியா நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் ஜெர்மானிய டாங்கி ஒன்றைச் செய்தார்களாம். உள்ளே பாட்டரி வைக்க இடம் வேண்டுமே என்று அளவைத் தீர்மானித்தபோது, அது முப்பத்தைந்தில் வந்து நின்றதாம். பிறகு உலகம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. எங்கள் கணக்கு டீச்சர் இதைக் கேட்டால் நிச்சயம் வருந்துவார்.

48 மில்லிமீட்டர் மனிதருக்குத் தலை எவ்வளவு இருக்கும்? ஆறு மில்லிமீட்டர் சொச்சம். ஒரு மிளகைவிடச் சற்றே பெரிது. அதற்குள் கண், மூக்கு, வாய், காது எல்லாம் அடங்க வேண்டும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தலைகளில் இவையெல்லாம் இருப்பதாகப் பேர்தான். இதற்குக் காரணம் செய்பவர்களின் சோம்பல் அல்ல. அந்தத் தலைகள் இரு பாதியாகப் பிளந்த எஃகு அச்சுக்குள் வார்க்கப்படுகின்றன. அச்சைத் திறக்கும்போது உள்ளே இருப்பது எங்கும் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும். நம் வீட்டு இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழி மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால்தான் இட்லி முழுதாக வருகிறது. குழியின் வாய் குறுகியிருந்தால் இட்லி பிய்ந்துதான் வரும். காதின் பின்புறம், தொப்பி விளிம்பின் அடிப்பகுதி, திறந்த வாயின் உட்புறம் எல்லாம் வாய் குறுகிய குழிகள். ஆகவே எஃகு அச்சில் அவை மழுங்கிப் போகின்றன.

ரெசின் தலைகளின் கதை வேறு. சிற்பி ஒருவர் மூலத்தலையைச் செதுக்குகிறார். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுக்கிறார்கள். பிறகு இரண்டு திரவங்களைக் கலந்து அந்த அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. ரப்பர் வளைந்து கொடுப்பதால் காதுமடல், தொப்பியின் தாடைவார் எல்லாம் சேதமின்றி வந்துவிடும். ஆனால் அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். மறுபடி புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் விலை கூடுதல். இங்கிலாந்திலிருந்து ஹார்னெட் என்ற பெயரில் ஐந்தைந்தாக வரும் தலைகள் இந்த வகையில் பேர் பெற்றவை. எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்ததும் இரும்புத் தொப்பி போட்ட ஐந்து தலைகள்தான். பாக்கெட்டைப் பார்த்த பெரியம்மா, “ராவணனில் பாதி வந்திருக்கிறான்” என்றார். தபால் செலவையும் கேட்ட பிறகு அவர் அவ்வளவு சிரிப்பாகப் பேசவில்லை. ஐந்து தலைகளின் விலை, நான்கு முழுச் சிப்பாய்கள் இருந்த பெட்டியின் விலையை எட்டிவிட்டது.

இவ்வளவு செலவு செய்து தலை வாங்குவானேன்? இங்கேதான் என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர் அவர். 1780ல் தொடங்கப்பட்ட பழைய படை அது. பாதை போடுவது, பாலம் கட்டுவது, பகைவர் புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. பெங்களூரில் பயிற்சி பெற்று, இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து இத்தாலி வரை போனார். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் படையில் இருந்தார்கள். நம் வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில் 1944 பிப்ரவரி 24ஆம் நாள் சுபேதார் சுப்பிரமணியம் என்ற மதராஸ் சாப்பர் வீரர், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த வீரப் பதக்கம் அளிக்கப்பட்டது. என் கொள்ளுத்தாத்தா பதக்கம் எதுவும் பெற்றவர் அல்ல. அதே படையில், அதே நாட்டில், அதே வெடிகளுக்கு நடுவில் நடந்து, உயிரோடு திரும்பி வந்து, 1971 வரை வாழ்ந்தவர், அவ்வளவுதான்.

அவருடைய புகைப்படம் ஒன்றே ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெங்களூரில் கம்பெனியாக உட்கார்ந்து எடுத்தது. எல்லாரும் அந்தப் படைக்கே உரிய ‘டூப்டா’ என்னும் தலையணி அணிந்திருக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் கொள்ளுத்தாத்தா. ஆனால் சட்டத்துக்குள் கரையான் ஏறி, சரியாக அவர் முகம் இருந்த இடத்தைத் தின்றுவிட்டது. தோள் இருக்கிறது, முழங்கால்மேல் வைத்த கை இருக்கிறது; தலை இல்லை. என் அப்பா அப்போது கைக்குழந்தை. அந்த முகத்தைப் பார்த்து நினைவில் வைத்திருப்பவர் இன்று பெரியப்பா ஒருவர்தான். தாத்தா இறந்தபோது அவருக்கு வயது பதினான்கு.

ஆகவே இத்தாலிப் போர்க்களத்துப் பிரிட்டிஷ் வீரர்கள் பெட்டி ஒன்றை வாங்கினோம். குளிர்காலத்தில் அங்கிருந்த நம் படையினரும் அதே கம்பளிச் சீருடையைத்தான் அணிந்தார்கள், அதே கவிழ்த்த தட்டுப் போன்ற இரும்புத் தொப்பியைத்தான் போட்டார்கள். உடம்பில் மாற்ற ஒன்றுமில்லை. தலைதான் பிரச்சினை.

“பெட்டித் தலைக்கே பழுப்பு நிறம் அடித்துவிடேன், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றாள் என் தோழி. அவள் சொல்லை மதித்து அதையும் செய்து பார்த்தேன். அடுப்புக்கரி பூசிக்கொண்ட வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார். நிறம் மட்டும் முகம் அல்ல என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. வேறொருவர், தலைப்பாகை கட்டிய இந்தியத் தலைகள் கிடைக்குமே, அதை வைத்துவிடலாமே என்றார். நானும் பெரியப்பாவிடமிருந்த பட்டியல்களைப் புரட்டினேன். இந்தியச் சிப்பாய் என்று அவற்றில் கண்டதெல்லாம் தலைப்பாகை கட்டிய சீக்கியர் அல்லது சாய்ந்த தொப்பி போட்ட கூர்க்கர். இருவரும் மாபெரும் வீரர்கள்; மறுக்கவில்லை. ஆனால் என் கொள்ளுத்தாத்தா சீக்கியரும் அல்ல, கூர்க்கரும் அல்ல. இந்தியர் என்றால் யாராவது ஓர் இந்தியர் போதும் என்று நினைப்பது, தலையே இல்லாமல் நிறுத்துவதைவிடப் பெரிய தவறு என்பேன்.

தலையைப் பொருத்துவது எளிது என்று நினைத்தேன். முதல் தலையைப் பிளாஸ்டிக் பசையால் ஒட்டினேன். மறுநாள் காலையில் தலை மேசைமேல் உருண்டு கிடந்தது. பெரியப்பா திட்டவில்லை, விளக்கினார். பிளாஸ்டிக் பசை உண்மையில் பசையே அல்ல. அது பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. ரெசினை அதனால் கரைக்க முடியாது. அதற்கு ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டும், அல்லது இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் அரால்டைட் வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். தலையைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் பூசிய எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. கழுத்தின் கீழே வார்ப்புக்காக விட்ட கட்டையை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். ரெசின் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. கழுத்தின் அடியிலும் உடம்பிலும் நுண்ணிய துளையிட்டு, ஒரு குண்டூசித் துண்டை உள்ளே நிறுத்தித் தலையைச் செருக வேண்டும். அப்படிச் செய்தால் பசை காயும் முன் தலையைத் திருப்பிப் பார்த்து நிலைநிறுத்தலாம். ஈயச் சிப்பாய்கள் காலத்தில் இதே வேலையைத் தீக்குச்சியால் செய்வார்களாம்.

என் இரண்டாவது பிழை கொக்குக் கழுத்து. பெட்டி உடம்பின் கழுத்துக் குழி ஆழமில்லாதது. ரெசின் கழுத்தோ நீளமானது. அப்படியே நிறுத்தினால் சிப்பாய் மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்போல் இருப்பார். குழியைத் தோண்டித் தோண்டி ஆழமாக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, நம் தலை உடம்பின்மேல் குடம்போல் நேராக உட்கார்ந்திருக்கவில்லை; சற்று முன்னால் தள்ளியிருக்கிறது. நம்பாதவர்கள் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், ஒரு வாரம் வகுப்பில் எல்லாருடைய கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில டீச்சர் காரணம் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் முகம். ஐந்தில் ஒன்று மட்டும் ஏறத்தாழ அவர் தாடையைப் போல இருப்பதாகப் பெரியப்பா சொன்னார். அதன் மூக்கை அகலமாக்க, எம்-சீலில் கடுகில் கால் பங்கு எடுத்து ஊசி முனையால் வைத்தேன். அது அதிகமாகிப் போய், சுரண்டும்போது மூக்கோடு வந்துவிட்டது. ஒரு தலை வீண். அடுத்த தலையில் மறுபடி தொடங்கினோம். பெரியப்பாவுக்குக் கண்புரை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் பார்ப்பார், நான் செய்வேன். “இன்னும் கொஞ்சம் அகலம். இல்லை, இல்லை, நுனியில் அல்ல, மேலே.” “மீசை கீழே இறங்காதும்மா, அவர் ஒட்ட நறுக்கியிருப்பார்.” “கன்னம் ஒட்டியிருக்கும். போர் முடிந்து இருபது வருஷத்துக்குப் பிறகுகூட அவருக்குச் சதை போடவே இல்லை.” எட்டு மாலைகள் இப்படிப் போயின. அதுவரை கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அவர் சொல்லாத செய்திகளெல்லாம் இந்த எட்டு மாலைகளில் வந்தன. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கும்போதுகூட, அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வைப்பாராம்.

வண்ணம் தீட்டும்போதும் ஒன்று கற்றேன். கருத்த தோலுக்கு வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. மஞ்சட்காவி கலக்க வேண்டும். நிழலுக்குச் செம்பழுப்பில் நீலம் ஒரு துளி. கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதில் தூய வெள்ளையை வைத்தால் பேயைக் கண்டவர்போல் விழிப்பார்.

இந்த உருவத்தைத்தான் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். எந்தக் கண்காட்சி, யார் நடுவர் என்பதெல்லாம் இங்கு வேண்டாம். அவர் இரண்டு குறை கண்டார். ஒன்று, பிரிட்டிஷ் சிப்பாய்க்கு முகத்தின் நிறம் தவறு. இரண்டு, தலை விலைக்கு வாங்கியது. பெட்டியில் உள்ளதைக் கொண்டு செய்வதுதான் திறமை. முதற்குறையைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்காவது, எட்டாவது, பத்தாவது என்று மூன்று இந்திய டிவிஷன்கள் இத்தாலியில் போரிட்டன என்று சொல்ல நினைத்தேன். தொண்டையிலிருந்து வார்த்தை வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது குறையை அப்படித் தள்ளிவிட முடியாது. தலை நான் செதுக்கியதல்ல என்பது உண்மை. அதை விளக்க அட்டையில் நான் எழுதாததும் என் பிழைதான், இனி எழுதுவேன். புதிதாகத் தொடங்கும் ஒருத்தி முதலில் பெட்டியில் உள்ளதைக்கொண்டு நான்கைந்து செய்து பழக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காரணமில்லாமல் தலை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் தேநீர்க் குவளையோடு சாவகாசமாக நிற்கும் உடம்பில், வாயைப் பிளந்து கத்தும் தலை! அழகாக வார்த்திருக்கிறது என்பதற்காக அதை வைத்திருப்பார்கள். அப்படிச் செய்வதைவிடப் பெட்டித் தலையே மேல்.

ஆனால் பெட்டியில் உள்ளது மட்டுமே நேர்மை என்றால் நான் கேட்கிறேன்: அந்தப் பெட்டியில் எந்த முகங்கள் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் யார்? செய்தவர்கள் தங்கள் ஊர் மனிதர்களை நினைத்துச் செய்தார்கள். அது குற்றமல்ல. அவர்களுக்குத் தெரியாத மனிதரை அவர்கள் செய்ய முடியாது. அவரைத் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். தெரிந்தவர்களுக்குக் கையில் கிடைப்பது வேறு யாருடைய உடம்போ என்றால், தலையை மாற்றாமல் என்ன செய்வது?

நம் பள்ளியிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களில் ஒருவரைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் தலை நொறுங்கிப்போனபோது, உடம்பு உடைந்த ஓர் இடையரின் தலையைச் செம்புக்கம்பி வைத்து நான்தான் பொருத்தினேன். ஸிஸ்டர் அட்டையில் கிரீடம் செய்து கொடுத்தார்கள். இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை. கண் மட்டும் ஒட்டகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்க்கிறது.

கொள்ளுத்தாத்தா இப்போது பெரியப்பா வீட்டு அலமாரியில், அந்தப் புகைப்படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். தலை சற்றுக் குனிந்து, கையிலுள்ள கருவிக்கு முன்னால் தரையைப் பார்த்தபடி. கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்து வந்த அன்று பெரியப்பா அதைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி இல்லாமலே நெடுநேரம் பார்த்தார். பிறகு, “காது இவ்வளவு பெரிசு இல்லையேம்மா” என்றார்.

பாக்கெட்டில் இன்னும் மூன்று தலைகள் இருக்கின்றன. அரசுத் தேர்வு முடியட்டும்.